பத்துப் புள்ளிக் காய் கையில் வந்தால் என்ன செய்வது?

ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் வைத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் க்யூ, இசட், எக்ஸ், ஜே ஆகிய நான்கு எழுத்துகளையும் ஒரே விதமாகத்தான் கையாளுகிறார்கள். காய் கைக்கு வந்ததும் அதற்கேற்ற ஒரு பிரமாதமான சொல் அமையட்டும் என்று காத்திருக்கிறார்கள். முறை மேல் முறை கழிகிறது. காய்களை அடுக்கி வைக்கும் தாங்கியில் ஏழு காய்கள் இருந்தாலும் உண்மையில் ஆறை வைத்துத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அந்தச் சொல் அமைவதில்லை. அமைந்தாலும் பலகையில் அதற்கு இடம் இருப்பதில்லை.

இந்த எழுத்துகளால் புள்ளி குவிக்கப் பெரிய சொற்கள் தேவையில்லை. இரண்டு, மூன்று எழுத்துச் சொற்களும் சரியான கட்டமும் போதும். ஆங்கிலப் புலமை இதற்கு அவ்வளவாக உதவாது என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நாவல்களாகப் படித்துத் தள்ளியவர்கள், ஐம்பது குட்டிச் சொற்களை மனப்பாடம் செய்த பள்ளிச் சிறுவனிடம் தோற்பது இந்த ஆட்டத்தில் சாதாரணம்.

ஏன் இப்படி என்பதற்கு ஆட்டத்தின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் 1930களில் இதை வடிவமைத்தபோது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அரிதாக வருவதற்கு அதிகப் புள்ளி, அடிக்கடி வருவதற்குக் குறைந்த புள்ளி. க்யூவுக்கும் இசட்டுக்கும் 10, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8, கேவுக்கு 5. இந்த ஐந்திலும் ஆட்டத்துக்கு ஒவ்வொரு காய்தான். ஆனால் நாம் ஆடுவது செய்தித்தாள் ஆங்கிலத்தை வைத்து அல்ல. அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலை வைத்து. அந்தப் பட்டியலில் நாம் அன்றாடம் கேள்விப்படாத குட்டிச் சொற்கள் ஏராளம். எனவே எக்ஸும் இசட்டும் எளிதாக வைக்கக்கூடிய எழுத்துகளாகிவிட்டன. புள்ளி மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. இந்த இடைவெளிதான் நமக்கு லாபம்.

தொடர்வதற்கு முன் ஒரு குறிப்பு. சொற்களை எழுத்தெழுத்தாகக் கோடிட்டு எழுதப்போகிறேன். எக்ஸ்-ஐ என்றால் அந்த இரண்டு எழுத்துகளும் அதே வரிசையில் என்று பொருள்.

முதல் வேலை: பட்டியலை முடிவு செய்தல்

வட அமெரிக்காவில் ஒரு சொற்பட்டியலும், உலகின் பெரும்பாலான மற்ற இடங்களில் காலின்ஸ் பட்டியலும் புழங்குகின்றன. காலின்ஸ் பெரியது. இசட்-ஓ என்ற சொல் காலின்ஸில் செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. ஜே-ஏ என்பதும் அப்படியே. எதை வைத்து ஆடுகிறோம், எதிராளி வைத்த சொல் செல்லாது என்று தவறாக ஆட்சேபித்தால் என்ன தண்டனை என்ற இரண்டையும் காய் எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். நடு ஆட்டத்தில் இந்த வாக்குவாதம் எழுந்தால் நட்பே ஆட்டம் காணும்.

இரண்டாவது வேலை: இந்தச் சிறு பட்டியலை மனப்பாடம் செய்தல்

எக்ஸில் ஐந்து: ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யு. ஐந்து உயிரெழுத்துகளோடும் சேர்ந்துவிடுகிறது, பாருங்கள்! புள்ளி அதிகமுள்ள வேறெந்தப் பெரிய எழுத்துக்கும் இந்த வாய்ப்பு கிடையாது.

க்யூவுக்கு ஒன்றே ஒன்று: க்யூ-ஐ. இசட்டுக்கு இசட்-ஏ, காலின்ஸில் கூடுதலாக இசட்-ஓ. ஜேவுக்கு ஜே-ஓ, காலின்ஸில் ஜே-ஏ. கேவுக்கு கே-ஏ, கே-ஐ, காலின்ஸில் கே-ஓ. புதிய பதிப்புகளில் ஓ-கே.

மொத்தம் பதினான்குக்குள் முடிந்துவிட்டது. ஒரு மாலைப் பொழுது போதும். பொருள் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. க்யூ-ஐ என்பது சீனச் சிந்தனையில் வரும் உயிராற்றல், எக்ஸ்-ஐ ஒரு கிரேக்க எழுத்து, எக்ஸ்-யு வியட்நாமில் முன்பு புழங்கிய சில்லறைக் காசு. தெரிந்தால் மறக்காது, அவ்வளவுதான்.

மூன்றாவது வேலை: கட்டத்தைப் பார்க்கப் பழகுதல்

கட்டுரையில் அதிகக் கவனம் தேவைப்படும் பகுதி இதுதான். பலகையில் 225 கட்டங்கள். எழுத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கும் கட்டங்கள் 24, மும்மடங்காக்குபவை 12. சொல் முழுவதன் புள்ளியை இரட்டிப்பாக்குபவை நடுக்கட்டத்தோடு 17, மும்மடங்காக்குபவை 8. புதியவர்களின் கண் எப்போதும் ஓரத்தில் இருக்கும் சொல் மும்மடங்கின் மேலேயே இருக்கும். பெரிய எழுத்து கையில் இருக்கும்போது அந்தப் பன்னிரண்டு எழுத்து மும்மடங்குக் கட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம், ஒரே காய் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒவ்வொரு சொல்லை உருவாக்கும்போது கட்டத்தின் பலன் இரண்டு முறை கணக்கில் வருகிறது. எழுத்து மும்மடங்குக் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் ஏ, மேலே ஓ ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே எக்ஸ் ஒன்றை மட்டும் வைக்கிறீர்கள். குறுக்கே ஏ-எக்ஸ்: 24 உடன் 1, ஆக 25. நெடுக்கே ஓ-எக்ஸ்: இன்னொரு 25. ஒற்றைக் காய்க்கு 50 புள்ளி! ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்குபவருக்குக் கிடைக்கும் போனஸும் இதே 50தான். எழுத்து இரட்டிப்புக் கட்டமாக இருந்திருந்தால் 17 உம் 17 உம் சேர்ந்து 34. அதுவும் மோசமில்லை.

க்யூ-ஐ இரு திசையிலும் மும்மடங்குக் கட்டத்தில் அமைந்தால் 31 உம் 31 உமாக 62. இசட்-ஏவுக்கும் இதே கணக்குதான்.

இப்போது எந்தப் பக்கத்தில் தேடுவது என்று பார்ப்போம். எக்ஸ் பெரும்பாலும் உயிரெழுத்துக்குப் பின்னால் வரும். ஆகவே ஏ, இ, ஓ ஆகியவற்றுக்கு வலப்பக்கமோ கீழேயோ நல்ல கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். க்யூ, இசட், ஜே மூன்றும் இரண்டெழுத்துச் சொற்களில் உயிரெழுத்துக்கு முன்னால் வருபவை. ஐ, ஏ, ஓ ஆகியவற்றுக்கு இடப்பக்கமோ மேலேயோ நல்ல கட்டம் இருந்தால் அங்கே நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கேள்விகளை மட்டும் பலகையிடம் கேட்டுவந்தால், சில ஆட்டங்களிலேயே அந்த இடங்கள் தாமாகக் கண்ணில் படும்.

குட்டிச் சொல்லுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கையிலிருந்து ஒன்றிரண்டு காய்கள்தான் போகின்றன. எஸ், ஆர், இ, என் போன்ற இணக்கமான எழுத்துகள் தாங்கியிலேயே தங்கி, அடுத்த முறை ஏழையும் இறக்க உதவுகின்றன. க்யூவை வைத்து ஆறெழுத்துச் சொல் கட்டுபவர் தன் நல்ல காய்களையெல்லாம் அதற்குத் துணையாக அனுப்பிவிடுகிறார்.

முதல் சொல்லை நீங்களே வைக்க நேர்ந்தால் ஒரு தனிக்கணக்கு இருக்கிறது. நடுக்கட்டம் சொல்லை இரட்டிப்பாக்கும். அதையும் சேர்த்து எண்ணினால் இருபுறமும் ஐந்தாவது கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்கும். அதனால் ஐந்தெழுத்துச் சொல்லின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ பெரியதாக இருந்தால், அது அந்த ஐந்தாவது கட்டத்தில் விழும்படி நகர்த்தி வையுங்கள். வரிக்குதிரையைக் குறிக்கும் ‘ஜீப்ரா’ இசட்டில் தொடங்குகிறது. எழுத்துகளின் கூட்டு 16. இசட் இரட்டிப்புக் கட்டத்தில் விழுந்தால் 26 ஆகி, சொல்லும் இரட்டித்து 52. அதே சொல்லை மறுபுறம் நகர்த்தி, கடைசி ஏ அந்தக் கட்டத்தில் விழும்படி வைத்தால் 34தான். ‘வால்ட்ஸ்’ என்ற நடனத்தின் பெயர் இசட்டில் முடிகிறது; அதை மறுபக்கமாகத் தள்ள வேண்டும், அப்போது 54. சொல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வைத்த இடத்தைக் கவனிக்காமல் விடுவதால் பதினெட்டு, இருபது புள்ளிகள் சும்மா போகின்றன.

இனி ஒவ்வொரு எழுத்தாக

க்யூவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. அது சொத்து அல்ல, கடன். எவ்வளவு சீக்கிரம் கழிகிறதோ அவ்வளவு நல்லது. பதினைந்து, இருபது புள்ளிக்கு இடம் கிடைத்தால் தயங்காமல் வைத்துவிடுங்கள்.

யுவுக்காகக் காத்திருப்பது வீண். ஆட்டம் முழுவதிலும் நான்கு யுதான் இருக்கின்றன, ஐ எழுத்தோ ஒன்பது. பலகையில் ஓரம் திறந்து கிடக்கும் ஐ ஒன்று போதும், க்யூ வெளியேறிவிடும். க்யூ வரும் என்று யுவைப் பொத்தி வைப்பது அதைவிட வீண். க்யூ எதிராளிக்கும் போகலாம் அல்லவா? எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் காயை யுவாக்கிக் க்யூவை இறக்குபவர்களும் இருக்கிறார்கள். வெற்றுக் காய் ஏழு காய் போனஸுக்கு வழி திறப்பது. அதைப் போய் இந்த வேலைக்குச் செலவழிப்பதைவிடக் க்யூவைப் பையில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

யு இல்லாத க்யூ சொற்களில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பல நமக்கு ஏற்கெனவே காதில் விழுந்தவை. பக்கிரி என்று நாம் சொல்வது எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர். தலாக், நிகாப் இரண்டும் க்யூவோடு செல்லும். ஒன்றில் அது கடைசி எழுத்து, மற்றதில் நடு எழுத்து. நீதிபதியான காஜிக்கு க்யூவில் தொடங்கும் ‘காடி’ என்ற வடிவம் உண்டு. ‘காட்’ என்ற மெல்லும் இலை மூன்றே எழுத்து: க்யூ, ஏ, டென்னிஸின் முதல் எழுத்தான டி. அதோடு ‘கனாட்’ என்ற நிலத்தடி நீர்க்கால்வாய். கணினி விசைப்பலகையின் மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்துகளும் அப்படியே ஒரு சொல்லாகச் செல்லும் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. யு கையில் இருந்தால் க்யூ-யு-ஏ, எஸ்-யு-க்யூ ஆகிய மூன்றெழுத்துச் சொற்களையும் நினைவில் வையுங்கள். இரண்டாவதில் க்யூ கடைசியில் வருவதால் வேறெங்கும் நுழையாத இடத்தில் நுழையும்.

எக்ஸ் இதற்கு நேர்மாறானது. இணக்கமான எழுத்து, கையில் இருப்பது மகிழ்ச்சி. முப்பது புள்ளிக்கு மேல் தரும் இடம் இல்லையென்றால் ஒரு முறை, இரண்டு முறை பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். எக்ஸை வைத்து நீளமான சொல் தேடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அது இரண்டு திசைச் சொற்களுக்காகவே பிறந்த எழுத்து.

இசட்டுக்குக் குட்டிச் சொற்கள் குறைவு, ஆனால் நான்கெழுத்துக் குடும்பம் ஒன்று பெரிதாக இருக்கிறது. ஏ-இசட்-இ என்ற வாலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஜி, எச், எல், எம், ஆர், எஃப் எதைச் சேர்த்தாலும் சொல். ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைவிடக் குடும்பமாகப் பிடிப்பது எளிது. உயிரெழுத்துகள் குவிந்து திணறும்போது ஓ-யு-இசட்-ஓ என்ற கிரேக்க மதுவின் பெயர் மூன்று உயிர்களை ஒரே மூச்சில் இறக்கித் தரும்.

இன்னொன்று, நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துமுறை படித்தவர்கள் கவனிக்கத் தவறுவது. ‘ரியலைஸ்’ போன்ற வினைகளை எஸ் போட்டு எழுதியே பழகிவிட்டோம். இசட் போட்ட வடிவமும் காலின்ஸ் பட்டியலில் முழுதாகச் செல்லும். ‘ரியலைஸ்’ இசட்டோடு ஏழு எழுத்துகள். ஒரே முறையில் தாங்கியே காலியாகும். ஐ, இசட், இ மூன்றும் கையில் சேர்ந்தால் அவற்றை வலது ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி நான்கு எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

ஜே பிடிவாதக்காரர். ஏறக்குறைய எல்லாச் சொற்களிலும் முதல் இடத்தையே கேட்கும். அதனால் நல்ல கட்டத்துக்கு வலப்பக்கமோ கீழேயோ போதிய காலியிடம் இருக்க வேண்டும். விதிவிலக்கு நமக்குத் தெரிந்த சொற்களே: ராஜ், தாஜ், ஹஜ் மூன்றும் மூன்றெழுத்தில், ஜே கடைசியாகச் செல்லும். ஜே-இ-யு, ஜே-ஓ-இ ஆகியவை உயிரெழுத்துகள் மிகுந்த கைக்கு. ஜேவுக்கு இருபது புள்ளி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பொறுத்திருந்து பெரிதாக எதுவும் வராது.

கே எளிது. எஃப், எச், டபிள்யூ, ஒய் நான்கும் 4 புள்ளிக் காய்கள்; சிறு சொற்கள் நிறைய இருப்பதால் தொல்லை தருவதில்லை. எச் எழுத்தை நான் விரும்பியே வைத்துக்கொள்வேன்.

வி மட்டும் வேறு கதை. அதுவும் 4 புள்ளிதான், ஆனால் ஆங்கிலப் பட்டியல்களில் வி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அதாவது வைக்கவும் சிரமம். வைத்துவிட்டால் அதன் பக்கத்தை ஒட்டி இணையாக யாரும் சொல் வைப்பதும் சிரமம். நீங்கள் முன்னிலையில் இருந்தால் பலகையை அடைக்க வி நல்ல தடுப்பு. பின்தங்கியிருக்கும்போது அதைத் திறந்த இடத்தின் நடுவில் வைத்தால் உங்கள் வழியையே அடைத்துக்கொள்வீர்கள். கழித்துக்கட்ட ஓ-வி-ஏ, ஏ-வி-இ, வி-ஐ-இ, இ-வி-இ ஆகியவையும், நான்கெழுத்தில் யு-வி-இ-ஏவும் உதவும்.

மாற்றுவதா, வைத்திருப்பதா?

முறையை இழந்து காய் மாற்றுவது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். க்யூவோடு மூன்று முறை எட்டு, பத்துப் புள்ளிகளாக ஊர்ந்து போவதைவிட, ஒரு முறையைக் கொடுத்து க்யூ, வி, கூடுதல் யு ஆகியவற்றைப் பையில் போட்டுவிட்டு இணக்கமான காய்களோடு திரும்புவது லாபம். ஒரு நிபந்தனை: பையில் குறைந்தது ஏழு காய்கள் இருந்தால்தான் மாற்ற முடியும். எனவே பை இளைக்கத் தொடங்கும்போதே முடிவெடுங்கள். இசட்டையும் எக்ஸையும் மாற்ற வேண்டிய நிலை அநேகமாக வராது.

எதிராளி கையில் இருந்தால்

பெரிய காய்கள் ஒவ்வொன்றே என்பதால் கணக்கு வைப்பது மிக எளிது. தாளின் ஓரத்தில் ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் என்று எழுதிவைத்து, பலகையில் வர வர அடித்துவிடுங்கள். அடிபடாமல் இருப்பவை பையிலோ எதிராளியிடமோ இருக்கின்றன. அதுவரை, காலியான எழுத்து மும்மடங்குக் கட்டத்தின் பக்கத்தில் உயிரெழுத்தை விட்டுவைக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு கேள்விகளும் தற்காப்புக்கும் அப்படியே பொருந்தும். எக்ஸ் வெளியே வரவில்லையா? ஏ, இ, ஓ மூன்றும் மும்மடங்குக் கட்டத்துக்கு இடப்பக்கமோ மேலேயோ வந்து நிற்கக் கூடாது. எக்ஸ் விழுந்துவிட்டதென்றால் அந்தப் பயமில்லை, தாராளமாக வைக்கலாம்.

மூலைகளிலும் எச்சரிக்கை தேவை. சொல் மும்மடங்கிலிருந்து ஓரமாக நான்காவது கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்கும். ‘குவிஸ்’ என்ற நான்கெழுத்துச் சொல் மூலையில் தொடங்கி அங்கே முடிந்தால் க்யூ 10, யு 1, ஐ 1, இசட் 20. கூட்டினால் 32, மும்மடங்கில் 96. அப்படியொரு வாசலை எதிராளிக்குத் திறந்து விடுவதற்கு முன் தாளின் ஓரத்தை ஒருமுறை பாருங்கள்.

கைபேசியில் இதே போன்ற வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு மேலே சொன்ன வழிமுறை பொருந்தும், எண்கள் பொருந்தாது. அங்கே ஜேவுக்கு 10, விக்கு 5, மொத்தக் காய்கள் 104, ஏழு காய் போனஸ் 35தான். சிறப்புக் கட்டங்களின் அமைப்பும் வேறு.

பை காலியான பிறகு

இறுதிக் கட்டத்தில் கையில் மிஞ்சும் க்யூ இருமுனைக் கத்தி. எதிராளி தன் காய்களை முடித்துவிட்டால், வீட்டு விதிப்படி உங்கள் கணக்கில் 10 குறைந்து அவர் கணக்கில் 10 கூடும். போட்டி விதிப்படி, உங்கள் கையில் மிஞ்சியதன் இரட்டிப்பு, அதாவது 20, அவருக்குச் சேரும். எப்படிப் பார்த்தாலும் இடைவெளி இருபது. ஆகவே கடைசிக் காய்களை எடுக்கும் நேரத்தில் பலகையில் ஐக்குப் பக்கத்தில் ஓர் இடமாவது திறந்திருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டை விட்டுவையுங்கள்; ஒன்றை எதிராளி அடைத்தாலும் மற்றது இருக்கும்.

க்யூ அவரிடம் சிக்கியிருப்பது தாளிலிருந்து தெரிந்தால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். திறந்திருக்கும் ஐ எங்கே என்று தேடி, புள்ளி ஐந்தோ ஆறோ என்றாலும் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதன் பிறகு அவசரம் இல்லை. உங்கள் காய்களை ஒரே சொல்லாக இறக்கி முடிக்காமல், இரண்டு மூன்று சிறு சொற்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் புள்ளி வாங்குங்கள். க்யூவை இறக்க வழியில்லாதவரால் உங்களுக்கு முன் ஆட்டத்தை முடிக்க முடியாது.